பாட்டிக்குத் தெரியக்கூடாத சனிக்கிழமை

"சனிக்கிழமை சாயங்காலம் நான் எந்தச் செருப்பப் போட்டுக்கிறது?" என்று பாட்டி கேட்டபோது, பேரனின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை சற்றே சாய்ந்து மடியை நனைத்தது.

சனிக்கிழமை மாலை பாட்டியின் தொண்ணூறாவது பிறந்தநாள் விழா. அது பாட்டிக்கு மட்டும் தெரியக்கூடாது.

பேரன் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பவர். கடை எரிந்துபோனதாக ஒருவர் அழுதால், முதலில் கண்ணீரைச் சரிபார்த்து, பிறகே சாம்பலைப் பார்க்கச் செல்பவர். ஆயினும் சிறுவயது முதல் அவர் மறைத்த எதையும் பாட்டி கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. உறவினர் கூடும் இடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஒருமுறையாவது பாட்டியின் முகத்தில் வியப்பைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் ஆசை.

"சனிக்கிழமை என்ன பாட்டி விசேஷம்?"

"அத நீதான் சொல்லணும்."

பாட்டி கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் எந்நேரமும் அதில் பழங்களை உடைத்து விளையாடுகிறார் என்பது வீட்டாரின் நம்பிக்கை.

பேரன் குளியலறைக்குள் சென்று தாழிட்டு, விழா ஏற்பாட்டாளருக்குச் செய்தி எழுதினார். இணையத்தில் தேடிப் பிடித்த நிறுவனம் அது. எழுத்தில் மட்டுமே பேசும். பேச்சை மறுத்துவிடலாம், எழுத்தை மறுக்க முடியாது என்பதால் அவருக்கு அதை மிகவும் பிடித்திருந்தது. முன்னெச்சரிக்கையாக, புதிய எண்ணிலிருந்து 'ஒரு பேரன்' என்று மட்டுமே எழுதிவந்தார்.

'பாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தயவுசெய்து வழி கூறவும்.'

பதில் உடனே வந்தது. 'ரகசியம் உங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் கசிகிறது. இனி எவரிடமும் எதையும் சொல்லாதீர்கள். எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்.'

வீட்டுக்குள் இருந்த மற்றொருவர் அவருடைய மனைவி. அன்று முதல் மனைவியிடம் விழாவைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்திக்கொண்டார். கைபேசியோடு குளியலறைக்குச் செல்வதை மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மனைவி குளியலறை வாசலிலேயே நின்றாள்.

"உள்ள போயி யாருக்கு எழுதறீங்க?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"அதயும் சொல்லக்கூடாது."

அதன் பிறகு மனைவி அவரிடம் பேசவில்லை.

மறுநாள் பாட்டி தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்தார். பேரன் குளியலறைக்கு ஓடி அதையும் எழுதினார். ஏற்பாட்டாளர் அமைதியாக எழுதினார்: 'பெரியவர்களை நாம் வேவு பார்த்தால் அவர்களும் நம்மை வேவு பார்ப்பார்கள். கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் நுழையாதீர்கள். ஒன்பது மணிக்குப் போய் அவருடைய விளக்கை அணைக்காதீர்கள்.'

விளக்கு அணைக்கும் பழக்கத்தைத் தாம் எப்போது தெரிவித்தோம் என்று பேரன் யோசித்தார். எல்லா வீட்டுப் பேரன்களும் இப்படித்தான் போலும் என்று தெளிந்து, நிறுவனத்தின் அனுபவத்தை மெச்சிக்கொண்டார். அன்று பாட்டியின் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"நான்தான் பாட்டி."

"தட்டிட்டு வர்றியே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

சந்தேகம் குறையவில்லை என்பது உறுதியாயிற்று. 'அவர் கவனத்தைத் திருப்ப, பெரிய ஜன்னல் உள்ள உங்கள் அறையை அவருக்குக் கொடுங்கள்' என்று அடுத்த யோசனை வந்தது. பேரன் தம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சின்ன அறைக்குப் போனார்.

"அங்க கொசு ஜாஸ்திடா. நல்லா போர்த்திக்கோ" என்றார் பாட்டி, ஜன்னலைத் திறந்தபடி.

சுருட்டிய படுக்கையைப் பார்த்த மனைவி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். உறவினர் ஒவ்வொருவராகப் பாட்டியை அழைத்து, பேரன் நல்லவன்தான், கூடாத சேர்க்கைதான் காரணம் என்று ஆறுதல் கூறினர். விழாவுக்கு இரண்டே நாள். பேரன் அழாக்குறையாக எழுதினார். 'அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது.

காலையில் மனைவி திரும்பி வந்து, அவரைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போனாள். காரணம் கேட்டதற்கு, சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பேரன் ஏற்பாட்டாளருக்குக் கட்டுப்படவில்லை. பாட்டியைப் பற்றிய உரையை அனுப்பியபோது, இரண்டு பக்கம் போதும் என்று பதில் வந்தது. அவர் எழுதியிருந்தது பதினொரு பக்கம். எந்த வரியையும் வெட்ட மனம் வரவில்லை.

சனிக்கிழமை, கண் பரிசோதனைக்கு என்று சொல்லிப் பாட்டியை அழைத்துச் சென்றார்.

"என் கண்ணப் பாக்கறதுக்கு நீ எதுக்குடா புதுச்சட்ட போட்டிருக்க?"

பேரன் பாட்டியின் கையைப் பிடித்து மண்டப வாசலுக்கு அழைத்துச் சென்றார். மண்டபக் கதவு திறந்தது, விளக்குகள் எரிந்தன, உறவினரும் பாட்டியோடு வேலை பார்த்த தோழிகளும் எழுந்து நின்று கைதட்டினர். பாட்டி நெஞ்சில் கை வைத்தார். வாய் மெல்லத் திறந்தது. கண்கள் விரிந்தன.

வியப்பேதான். வாழ்க்கையில் முதன்முறையாக, பேரன் எதையும் சரிபார்க்கவில்லை.

கண்களைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். பாட்டி தொலைபேசி நிலையத்தில் கம்பிகளைச் செருகி ஊரையெல்லாம் பேசவைத்தவர் என்று தொடங்கினார். தானியங்கி இயந்திரம் வந்த அன்று எல்லோரும் அழுதபோது, பாட்டி அதன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்ததைச் சொன்னார். எழுபது வயதில் கணினி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்ததைச் சொன்னார்.

"எது புதுசா வந்தாலும் பாட்டி பயப்பட மாட்டாங்க. அதோட பேரக் கேப்பாங்க, அப்புறம் அதுகிட்ட வேலை வாங்குவாங்க."

தோழிகள் கைதட்டினார்கள். பேரன் பக்கத்தைத் திருப்பினார். "அப்பேர்ப்பட்ட பாட்டிக்கே தெரியாம, இன்னிக்கு நான்" என்று தொடங்கி, பாட்டியைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார்.

அந்த அமைதியில், ஒலிபெருக்கிக்காரர் தயங்கியபடி முன்வரிசைக்கு வந்து பாட்டியின் அருகில் குனிந்தார்.

"முதலாளியம்மா, ரெண்டு பக்கத்தத் தாண்டினா மைக்க அணைக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க, சார் மூணாவதுக்குப் போயிட்டாரு, அணைச்சிடட்டுமா?"