எருமை திறந்து வைத்த பூங்கா

வாவிக்கரை,
மட்டக்களப்பு.
1993 மாசி.

பாலைவனத்திலும் வாடாத மருமகன் யோகராசாவுக்கு, வாவிக்காற்றை உறைக்குள் மடித்து வைத்து மாமன் கனகசிங்கம் எழுதிக்கொள்வது. நானும் மாமி சீதேவிப்பிள்ளையும் நலம். உன் நலமும், உன் முதலாளியின் நலமும், உன் கைக்கு வருமுன் இக்கடிதத்தைப் பிரித்து வாசிக்கும் பெருமக்களின் நலமும் அறிய ஆவல்.

தம்மாமில் எங்கே பார்த்தாலும் மணல், பச்சை நிறமே மறந்து போகிறது, ஊரிலிருந்து பச்சையாக ஏதாவது எழுதுங்கள் மாமா என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். ஆனால் குத்துவிளக்கைக் கொளுத்தி வைத்து இப்போதே சத்தியம் பண்ணுகிறேன், நீ இதை நம்பமாட்டாய். நீ மட்டுமல்ல, ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நீ சறுக்கிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்தாயே, எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள பூங்கா, அதைப் பற்றித்தான். நீ போன பிறகு படையினர் அதற்குள் கொஞ்சக் காலம் முகாம் போட்டிருந்தார்கள். பிறகு சந்திக்கு மாறிவிட்டார்கள். போகும்போது மண்ணுக்குள் எதையாவது விட்டுப் போனார்களா என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற காலமா இது. மிதிவெடி கிடக்கிறதென்று யாரோ சொன்னார்கள், வாசற்படலைக்குப் பூட்டு விழுந்தது, சுற்றிவர முள்ளுக்கம்பி வந்தது. ‘புல்லை மிதிக்காதீர்’ என்று அங்கே ஒரு பலகை நின்றதல்லவா, அதை நட்ட நாள் முதல் ஒருவரும் மதித்ததில்லை. அன்றிலிருந்து ஊரே மதித்தது.

மருமகன், மனிதக்கால் படாத மண் என்ன செய்யும் என்பதை நான் அதுவரை கண்டதில்லை. மாரி மழை இறங்கியதும் புல் எழும்பியது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு தென்னைகள் அதற்குள் நின்று மூச்சுத் திணறின. மேகங்கள் புல்நுனியில் கிழிந்துதான் எங்கள் பக்கம் மழையே பெய்தது. உடும்புகள் கொழுத்த கொழுப்பைப் பார்த்து முதலைகள் வெட்கப்பட்டு வாவிக்குள் இறங்கிவிட்டன. நாயுண்ணிக் கொடி ஊஞ்சல் சங்கிலியில் ஏறிப் பூத்து, காற்றடித்தால் பூவே உட்கார்ந்து ஆடியது. நாங்கள் பின்னேரங்களில் கம்பிக்கு வெளியே வரிசையாக நின்று, கோயிலில் திரை விலகியதைப் பார்ப்பதுபோல் வாய் பொத்திப் பார்ப்போம். இவ்வளவு அழகு வாசலுக்கு முன்னால் கிடக்கிறது, ஒரு அடி எடுத்து வைக்க வழியில்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு அன்னப்பூரணியின் எருமை கயிற்றை அறுத்தது. புருஷனை இழந்த அன்னப்பூரணி பிள்ளைகளை வளர்ப்பது அந்த ஒரே எருமையின் தயிரில். சாமானியமான எருமையென்று நினைக்காதே. அது நடந்தால் கல்லடிப் பாலம் ஒருக்கால் அசைந்து கொடுக்கும். அதன் தயிர் கைதவறி விழுந்தால் மண்முட்டிதான் உடையும், தயிர் உடையாது. அப்படிப்பட்ட எருமை கம்பியில் ஒரு இடைவெளியைக் கண்டு, கல்யாண வீட்டுக்குள் சம்பந்தி நுழைவதுபோல் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டது.

ஊரே திரண்டது. திரண்ட அத்தனை பேரும் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றோம். படலைக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஆதம்பாவா என் பக்கத்தில் வந்து, “கனகசிங்கண்ணே, எரும உள்ளுக்கு இரிக்கி” என்றான்.

“தெரியும். விரல எடுக்காமக் கதை.”

“என்ன?”

“ஒண்டுமில்ல.”

எருமையோ சறுக்கை இரண்டு தரம் சுற்றியது, ஆட்கள் உட்காரும் வாங்கில் முதுகைத் தேய்த்தது, நடுவில் இருந்த சேற்றுக் குழியில் படுத்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்த அன்னப்பூரணி சேலையை வரிந்து கட்டினாள்.

“புள்ள, போகாதகா. எரும போனாப் போகட்டும்” என்றேன்.

“போகட்டுமா? அப்ப நாளைக்கு என்ர புள்ளையளுக்கு ஆர் வீட்ட சோறு? அது மிதிச்ச அடியிலதான் நானும் மிதிக்கப் போறன்” என்று சொல்லிவிட்டு, ஈரமண்ணில் பதிந்த குளம்படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து உள்ளே போனாள்.

சந்தியில் காவலுக்கு நின்ற சிப்பாய் ஓடிவந்தான். சின்ன வயது. தன் பாஷையில் கத்தினான். அவள் நிற்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழோ சோதனைச் சாவடித் தமிழ். அதையே கத்தினான்: “எங்க போறது? அடையாள அட்டை எங்க?”

“எருமைக்கு அட்ட இல்ல தம்பி” என்றாள் அவள், திரும்பாமலே.

அவனும் கம்பிக்குள்ளால் குனிந்து, அவள் மிதித்த அடிகளை மிதித்துக்கொண்டு பின்னால் போனான். பிறகு நடந்ததைக் கேள். எருமை எழுந்து, ஒரு கொம்பில் அவளையும் மறு கொம்பில் அவனையும் தூக்கிக்கொண்டு, மேளதாளத்தோடு படலையால் வெளியே வந்தது. ஊர் கூடி அதற்குப் பொன்னாடை போர்த்திப் பூங்காவைத் திறந்தாகிவிட்டது. இப்போது உள்ளே ஒரே ஒரு பாதை, எருமையகலப் பாதை. ஓய்வுபெற்ற நீதவானும் சறுக்கை இரண்டு தரம் சுற்றித்தான் நடக்கிறார், வாங்கில் முதுகு தேய்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். எதிரே ஆள் வந்தால் ஒருவர் படலைவரை பின்பக்கமாகவே நடக்க வேண்டும். போன கிழமை ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் முழுவதும் நாதஸ்வரத்தோடு பின்பக்கமாக வந்தது. இரண்டு பக்கமும் யாரும் பறிக்காத பூ. நீ வந்தால் உன்னையும் கூட்டிப் போவேன்.

வட்டையில் நெல்லும் வாவியில் இறாலும் பெருகுவதுபோல் உனக்குச் சம்பளமும் ஆயுளும் பெருகட்டும். ஆனைப்பந்திப் பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
கனகசிங்கம்.

பிற்குறிப்பு: ஒட்டுமுன் மாமி இதை வாசித்துவிட்டாள். “அந்தரிச்சுப் போய்க் கிடக்கிற பொடியனுக்கு இப்பிடியா எழுதுற? அவன் நம்பி வந்து படலையில நிக்கப் போறான்” என்று பேனையை என் கையில் திணித்தாள். ஆகவே திருத்தம். புல் இடுப்பளவுதான். எருமை யாரையும் தூக்கவில்லை. பொன்னாடை, நீதவான், நாதஸ்வரம் எல்லாம் என் கைச்சரக்கு. பூங்கா திறக்கவில்லை, பூட்டு அப்படியே தொங்குகிறது. நாங்கள் இன்னும் கம்பிக்கு வெளியேதான் நிற்கிறோம்.

ஒரு சின்னப் பங்கு மட்டும் மெய். அன்னப்பூரணி போனாள், அந்தப் பொடியன் அவளைக் கூட்டிவரப் பின்னால் போனான். முகாம் போட்டவர்களின் ஆள், எங்கே என்ன கிடக்கிறதென்று தெரிந்து நேரே நடப்பான் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் குனிந்து, குளம்படி தேடித் தேடி, ஒவ்வொன்றிலும் காலை வைத்தான். ஆதம்பாவா காதிலிருந்து விரலை எடுத்து, “கண்டீங்களா, அவனுக்கும் தெரியா” என்றான். எருமையையும் அவளையும் முன்னால் விட்டு வெளியே வந்தவன், தார் றோட்டிலும் அடி பார்த்தேதான் சந்திவரை நடந்து போனான்.