'வாங்க' சொல்லாத வாய்

ஆரப்பாளையம்,
சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா மொக்கையன் அவர்களுக்கு, தங்கள் மருமகன் அழகுராஜா பணிவோடு எழுதிக்கொள்வது. கொட்டாம்பட்டியில் தாங்களும், அத்தையும், போன திங்கட்கிழமை தாங்கள் கையோடு கூட்டிச்சென்ற என் மனைவி சுபலட்சுமியும் நலமென்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். நான் பாதி நலம். போனில் சொல்லியிருப்பேன், தாங்கள்தான் எடுப்பதில்லை; சுபலட்சுமி எடுத்துச் சொன்னாலும் தாங்கள் நம்புவதில்லையாம். ஆகவே எங்கள் கடையில் வேலை பார்க்கும் தங்கள் ஊர்க் கருப்புவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தில் கிழித்தாலும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

தாங்கள் திங்கட்கிழமை கடலை மூட்டையோடு படியேறி வந்தபோது நான் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும், தங்கள் மகள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடக்க, தாங்கள் கல்யாணத்துக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலி என் கழுத்தில் கிடந்தது என்பதும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒன்பது நாள் முந்தி என்ன நடந்ததென்று தாங்கள் கேட்க வேண்டும் மாமா. இடது தாடையில் சுருக்கென்று ஒரு வலி. மறுநாள் காலையில் கன்னம் ஒரு சாத்துக்குடி அளவு வீங்கிவிட்டது. எங்கம்மா சீனியம்மாளைத் தங்களுக்குத் தெரியும், ஒரு பார்வை பார்த்தார், "பொன்னுக்கு வீங்கிடா இது, பொன்னு போட்டா எறங்கிரும்" என்று சொல்லி, மருமகள் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டி, கன்னத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பிவிட்டார். நானும் முப்பத்தாறு வயதில் சின்னப்பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டினேன். வீக்கம் இறங்கவில்லை. "பொன்னு பத்தல" என்று சொல்லி நெளி மோதிரத்தையும் நூலில் கோத்துக் கட்டினார். அதற்கும் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் வாய் பூட்டிக்கிச்சு மாமா, ஒரு விரல்கூட உள்ள போகல, ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தேன், அந்த நேரம் பாத்துத்தான் நீங்க வந்தீக.

நான் சொன்னேன் மாமா. சாமி சத்தியமா 'வாங்க'ன்னு சொன்னேன். அது வாய்க்குள்ளயே சுத்திட்டு 'உம்'முன்னு மூக்கு வழியா வந்துச்சு. வலியில கண்ணு வேற தன்னால மூடிக்கிச்சு. அம்மாவும் அந்நேரம் வேப்பிலை பறிக்கப் போயிருந்தாக. நீங்க வாசப்படியில நின்னே, "ரோட்டுல போறவனையெல்லாம் வாங்கண்ணே, வாங்கக்கான்னு கடைக்குள்ள இழுக்கிற மனுசன், பொண்ணு குடுத்தவனப் பாத்து உம்முங்கிறாரு" அப்படின்னீங்க. சுபலட்சுமி பாவம், "அப்பா, அவுகளுக்குப் பொன்னுக்கு வீங்கி"ன்னு ஆரம்பிச்சா, "அதான் கழுத்துலயே தெரியுதே"ன்னு அவ வாயையும் அடைச்சிட்டீங்க. நெஞ்சத் தடவிக்கிட்டு நீங்க இறங்குனதப் பாத்துப் பயந்துபோயி அவளும் பின்னாலயே வந்துட்டா. ஒரு சொம்புத் தண்ணிகூடக் குடிக்காம, கொண்டுவந்த கடலை மூட்டையையும் திருப்பித் தோள்ல ஏத்திட்டுப் போனீங்களே, அதுல மட்டும் எனக்கு வருத்தமில்ல. அன்னைக்கி இருந்த நிலைமையில கடலையை நான் பாக்கத்தான் முடியும்.

வியாழக்கிழமை காய்ச்சல் வந்த பிறகுதான் பல் டாக்டர் அஸ்வினியிடம் போனேன். அவர் முதலில் என் கழுத்தைப் பார்த்தார், "நகையக் கழட்டுங்க சார், படத்துல மறைக்கும்" என்றார். எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். கடைசியில் ஒரு ஞானப்பல், மற்ற பல்லெல்லாம் நிற்க, அது மட்டும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஆள் படுப்பதுபோல் நீட்டிப் படுத்து, முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டு கிடக்கிறது. சீழ் பிடித்துத் தாடை எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். "எம்புட்டு நகை போட்டாலும் படுத்த பல்லு எந்திரிக்காது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கழுத்துக்கு எறங்கி மூச்சையே அடைச்சிருக்கும்" என்று திட்டினார். அன்றே அறுத்து, பல்லைத் துண்டு துண்டாக எடுத்து, எலும்பைச் சுரண்டித் தையல் போட்டார். எனக்கு அப்போதும் பயம் பல்லைப் பற்றி இல்லை. இப்படியே போய்ச்சேர்ந்தால் மாமாவை 'வாங்க' என்று கேட்காதவன் என்ற பேரோடல்லவா போவேன் என்றுதான்.

இப்போது வாய் இரண்டு விரல் அளவு திறக்கிறது. திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை 'வாங்க'. அம்மா சாட்சி. சங்கிலியைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சுபலட்சுமி இல்லாமல் வீடு நன்றாக இல்லை மாமா. அவள் இருந்தால் இந்தக் கன்னத்தைப் பார்த்து ஒருமுறையாவது சிரித்திருப்பாள். தாங்கள் எப்போது அவளை அழைத்து வந்தாலும் தெருமுனையிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி என் வாயாலேயே தங்களை 'வாங்க' என்று கேட்பேன். இது உறுதி. அத்தைக்கு என் வணக்கம். தங்கள் வயலும் வாய்க்காலும் நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்,
அழகுராஜா.

பி.கு: மேலே சொன்ன உறுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். உறையை ஒட்டும்போது சுபலட்சுமி போன் பண்ணினாள். 'வாங்க' கேட்டால் உள்ளே வருவது, கேட்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்புவது என்ற முடிவோடு தாங்கள் புதன்கிழமை அவளைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். துள்ளிக் குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டார். வலது பக்கமும் ஒன்று அதே மாதிரி படுத்திருக்கிறதாம், அறுவை புதன்கிழமை காலையிலாம். அதனால் வாய் திறக்கும்போதே, "வாங்க மாமா, வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று செல்போனில் பதிந்து வைத்துவிட்டேன். தாங்கள் படியேறும்போது பக்கத்து வீட்டு முத்திருளன் அமுக்குவார். ஒத்திகைக்கு இன்று சிலிண்டர் போட வந்தவருக்கு அமுக்கிப் பார்த்தோம். மனுசன் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணி குடித்து, காபியும் குடித்துவிட்டுத்தான் போனார். தாங்களும் அதேபோல் உட்கார வேண்டும். அவசரமாகப் போகவேண்டியிருந்தால் தாங்கள் மட்டும் கிளம்பலாம், சுபலட்சுமி இருக்கட்டும்.