கொள்ளைக்காரன் காலில் எங்கள் கம்பெனி ஷூ

கப்பலே மூழ்கினாலும் கொள்ளைக்காரன் காலில் ஷூ லேஸ் அவிழாமல் பார்த்துக்கொண்ட ஓவியர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். கப்பல் கப்பலாக வரைந்ததால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கப்பல் மாஸ்டர்.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே ஷூ மாடல் வரைபவர். வீட்டுக்குப் போனதும் மெட்ராஸ் பதிப்பகம் ஒன்றுக்குச் சாகசக் கதைப் படம் போடுவார். சுறா, புயல், புதையல் தீவு எல்லாம் தத்ரூபமாக வரும். மனிதர் கடலைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பாலாறு, அதிலும் பெரும்பாலும் மணல்தான்.

முதல் தடவை அவர் வரைவதைப் பார்த்து ஆடிப்போனேன். தாளில் இரண்டு ஷூ மட்டும் நின்றுகொண்டிருந்தன.

"இன்னா மாஸ்டர், ஆளக் காணோம்?"

"வருவான் இரு. மொதல்ல காலு நிக்கணும்."

காட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் ஷூ. முதலை பாதி விழுங்கியவனுக்கும், வெளியே தெரிந்த பாதியில் ஷூ!

"முதலைக்குத் தொண்டையில சிக்கிக்காதா மாஸ்டர்?"

"சிக்கட்டும். டபுள் தையல்டா, பிரியாது."

ஒரு நாள் அவருடைய புதுப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அது மேனேஜர் கையில்! அட்டையில் கொள்ளைக்காரத் தலைவன் பீரங்கி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தான். அந்தக் காலில், ஜெர்மன் பார்ட்டிக்காக ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த எங்கள் புது மாடல்!

மாஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

"யோவ், இன்னும் ஒரு ஜோடிகூட வெளிய போகல. அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குது! பார்ட்டி பார்த்தா ஆர்டர் போச்சுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

மாஸ்டர் அட்டையை எட்டிப் பார்த்தார். "பக்கிள் நல்லா வந்திருக்குல்ல சார்?"

அடப்பாவி மனுஷா! அவருக்கு வேலை போகப்போகிறது, அதுவும் நான் வைத்த புத்தகத்தால்.

"சார், வேணும்னு பண்ணல சார். கண்ண மூடினாலே அவருக்கு நம்ம ஷூதான் சார் தெரியும்" என்று கெஞ்சினேன்.

மேனேஜர் கொஞ்சம் இறங்கினார். "இனிமே வெளிய ஒரு ஷூ வரையமாட்டேன்னு எழுதிக் குடு. மீறினா சீட்டு கிழிஞ்சிடும்."

மாஸ்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என் முன்னால் வந்து நின்றார். "செருப்பக் கழட்டிட்டு கால மேஜை மேல வைடா."

"ஐயையோ, பெரியவர் மூஞ்சிக்கு நேரா காலா?"

"மரியாதையெல்லாம் அப்புறம். வெறுங்கால் எனக்கு வரைய வரலடா. விரலு எப்படிப் போவுதுன்னே தெரியல. என் காலப் பார்த்து வரைஞ்சேன், தலைகீழா வருது."

தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் படம் போட்டவருக்குக் கால் விரல் வரையத் தெரியாதாம்! ஒரு வாரம் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சுண்டு விரலை ஆட்டினால் திட்டு விழும். ஆனால், 'உன்னாலதான்டா மாட்டினேன்' என்று மட்டும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த புத்தகம் வந்தது. கதாநாயகன் என் கோணல் சுண்டு விரலோடு முள்காடு தாண்டி எரிமலை ஏறினான். கதைப்படி அவன் காலெல்லாம் ரத்தம், கொப்புளம். பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தேன். அந்தக் காலில் மாஸ்டர் ஒரு முள்கூடத் தைக்க விடவில்லை.