மச்சான் வீட்டுச் சமையலறையில் ஒரு நீலக்கோடு

சேலையூர்,
வியாழக்கிழமை.

பாசத்துக்கும் இப்போது பயத்துக்கும் உரிய மச்சான் பென்னிக்கு, உன் அத்தான் ஜீவரத்தினம் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் நலம். நாங்கள் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. நான் ஒருவன்தான் இருக்கிறேன். அங்கே நீயும், கிறிஸ்டினாவும், குழந்தையும், உன் அக்காளும் என் மனைவியுமான தபீதாளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கட்டிய மனைவியின் சுகத்தை ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தபால் போட்டு விசாரிக்கும் நிலைமை சேலையூரில் வேறு எந்த ஆசிரியருக்கும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நீ என்னை வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டாய். கிறிஸ்டினாவும் செய்துவிட்டாள். தபீதாள் போனை எடுப்பதில்லை. மிச்சமிருப்பது தபால்காரர் ஒருவர்தான்.

உன் அக்காள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது சொன்னதை நீயும் அறிந்திருப்பாய். "ஞாயித்துக்கிழமை தெரு மீட்டிங்குக்கு வாங்க. அந்தப் படம் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, எழுதியும் குடுங்க. அப்புறமா என்னைக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா நீங்களும் உங்க மேப்புமா குடும்பம் நடத்துங்க." ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நல்லது, சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் படத்தை நான் உன்மேல் உள்ள பகையால்தான் வரைந்தேன் என்று நீ சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லி வருவதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிறகு நீ கிழித்துப்போடலாம்.

புவியியல் மற்றும் சுற்றுச்சூழல் கல்வி ஆசிரியர்களுக்கான பணித்திறன் மேம்பாட்டு முகாம் என்று சுற்றறிக்கை வந்தால் எங்கள் பள்ளியிலிருந்து எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். என்மேல் உள்ள மரியாதை என்று நீ நினைக்கக்கூடும். கணக்கு வாத்தியார் போனால் பாடம் கெடும், நான் போனால் ஒன்றும் கெடாது என்பது தலைமையாசிரியரின் கருத்து. இதை அவர் என் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எல்லா முகாமும் ஒரே மாதிரிதான். பிளாஸ்டிக் பேனரில் பூமித்தாயைக் காப்போம் என்று எழுதியிருக்கும். காலையில் வந்தவுடனே மாலைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு தூக்கம் வராமலிருக்க மழைக் கைதட்டல் என்று ஒன்று செய்யவைப்பார்கள்: ஒரு விரலால் தட்டினால் தூறல், இரண்டு விரலால் தட்டினால் மழை, முழுக்கையால் தட்டினால் புயல். ஐம்பத்து நான்கு வயதில், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு விரலால் தூறல் வரவழைத்திருக்கிறேன். அதற்குப்பின் குழுச் செயல்பாடு. குழுச் செயல்பாடு என்றால் யாராவது ஒருவர் வீட்டு பீரோவிலிருந்து போன முகாமின் சார்ட்டைக் கொண்டுவருவார், தேதியின்மேல் புதுத் தேதியை ஒட்டி மாட்டிவிடுவோம். சுற்றுச்சூழல் ஆசிரியர்கள் உண்மையாகச் செய்யும் மறுசுழற்சி அது ஒன்றுதான்.

இந்த முறை கெட்டதற்குக் காரணம் கருத்தாளர். முகாமில் பாடம் நடத்துபவரை அப்படித்தான் சொல்லுவோம். கருத்தாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்த செருப்புகளை அடுக்கினால் ஒரு கடை வைக்கலாம். அங்கே எனக்குப் பதிலாக வந்து நின்றது என் பழைய மாணவி அனுப்பிரியா. ஒன்பதாம் வகுப்பில் இந்தியப் படத்துக்குக் குறிவிளக்கம் எழுதவில்லை என்று நான் சுழி போட்டு அழவைத்த பெண். அவள் மேடையிலிருந்து என்னைக் கண்டுபிடித்து, "சார்தான் எனக்கு மேப் கத்துக்குடுத்தாங்க. பேர் எழுதாத மேப் மேப்பே இல்ல, வெறும் கிறுக்கல்னு சொல்லுவாங்க" என்றாள். மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பென்னி, என் பெயர் ஒரு முகாமில் மைக்கில் வந்தது அதுதான் முதல் தடவை. அதன்பின் நான் கொஞ்சம் நிலை தவறியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய சார்ட்டை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குழுவும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெருவுக்கு நேரில் போக வேண்டும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் விழும்படி போனில் போட்டோ எடுக்க வேண்டும், பிறகு பழைய சர்வே படத்தின்மேல் இன்றைய தெருவை வைத்து வரைய வேண்டும் என்றாள். எங்கள் குழுவில் மோகன்ராஜ் என்று ஒருவர், குரோம்பேட்டை பக்கத்து வாத்தியார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், எங்க வேணா போலாம். ஆனா பாத்ரூம் இருக்கணும். போன வாட்டி ஏரிக்கரைல இட்டுகினு போயி நிக்க வச்சிட்டானுங்க. டீச்சருங்கல்லாம் செம பேஜாராயிட்டாங்க."

"ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மச்சான் வீடு இருக்கிறது" என்றேன்.

"காபி கெடைக்குமா?"

"கிறிஸ்டினா நன்றாகப் போடுவாள்."

"அப்புறம் இன்னா சார் யோசனை? அதான் நம்ம ஆய்வுப் பகுதி."

ஆக, உன் வீடு படத்தில் ஏறியதற்குக் காரணம் பகை அல்ல, பாத்ரூம். கிறிஸ்டினாவிடம் கேட்டுப்பார். ஆறு பேர் வந்தோம், ஆறு பேரும் பாத்ரூம் போனோம், காபி குடித்தோம், பிளம் கேக் சாப்பிட்டோம், உன் கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். தெருவில் மற்ற வீடுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம் வரைய ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். போட்டோவில் இருந்தது உன் கேட் ஒன்றுதான். அது அப்படியே புள்ளியாகிவிட்டது.

மண்டபத்துக்குத் திரும்பியபின் மதிய சாப்பாடு, அதற்குப்பின் என் குழுவைக் காணவில்லை. கையெழுத்துதான் காலையிலேயே போட்டாகிவிட்டதே. நான் மட்டும் உட்கார்ந்து பழைய சர்வே படத்தின்மேல் இன்றைய தெருவை வரைந்த டிரேசிங் பேப்பரை விரித்தேன். ஏரி இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் இருந்தது. கலங்கலிலிருந்து உபரிநீர் போகிற கால்வாய் இறங்கி வந்தது. அது உங்கள் தெருச் சங்கச் செயலாளர் எத்திராஜ் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே நுழைந்து, உன் பின்பக்கச் சுவரைக் கடந்து, சமையலறைக்குள் போய், சாப்பாட்டு மேசைக்கு அடியில் வளைந்து, கார் நிற்கும் இடம் வழியாக வெளியேறியது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வடக்கைச் சரிபார்த்தேன். அளவையைச் சரிபார்த்தேன். காகிதத்தை எடுத்து மறுபடி வைத்தேன். கால்வாய் மறுபடியும் உன் சமையலறைக்குள்தான் போனது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். புத்தியுள்ள எவனும் வீடு அ, வீடு ஆ என்று போட்டு முடித்திருப்பான். சரித்திர வாத்தியாராக இருந்தால் ஊர்ப் பெயரையே மாற்றியிருப்பான். நான் புவியியல் வாத்தியார். பெயர் எழுதாத படம் கிறுக்கல் என்று காலையில்தான் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தலைப்பு எழுதினேன், திசை போட்டேன், அளவை போட்டேன், கால்வாய்க்கு நீலம் தீட்டினேன், கால்வாய்மேல் நிற்கும் வீடுகளுக்குச் சிவப்பு தீட்டினேன், குறிவிளக்கத்தில் அழகான கையெழுத்தில் பென்னி இல்லம், எத்திராஜ் இல்லம் என்று கதவு எண்ணோடு வரிசையாக எழுதினேன். முதல் பரிசு கிடைத்தது. ஒரு துணிப்பையும் வேப்பங்கன்றும் கொடுத்தார்கள். படத்தை யாரோ போட்டோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் போட, அங்கிருந்து அது கிளம்பி, நான் வீட்டுக்குத் திரும்பக் கேம்ப் ரோடுக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் எத்திராஜ் என்னைக் காய்கறிக் கடையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? லோன் போட்டுக் கட்ன வூடு. நீங்க பாட்டுக்கு ஸ்கெட்ச் பேனாவ எடுத்துகினு வந்து வாய்க்கா உட்டுட்டீங்க."

"நான் விடவில்லை எத்திராஜ். அங்கே இருந்தது."

"இருந்துச்சு சார், இல்லேங்கல. இப்ப கீதா?"

"போன மழையில் தண்ணீர் வந்ததே."

"மழன்னா தண்ணி வரத்தான் வரும். டிரெயின்ல குப்ப அடச்சிகினு கீது, அதால வருது. அதுக்கு ஒர்த்தர் மேப் போடுவாரா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "தாலுகா ஆபீஸ்ல ஒரு ஆளு உங்க படத்த பிரிண்டு எடுத்து வச்சுகினு கீறாரு சார். வரைஞ்சவரே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா மேட்டர் அதோட க்ளோஸ். இல்லாங்காட்டி தெருவுல பாதிப் பேர் நடுத்தெருவுல நிக்கணும். உங்க மச்சானும் சேத்துதான்."

கத்தரிக்காயை எடைபோட்டுக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு அதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் தபீதாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "வீட்டுப் பிரதிஷ்டை அன்னிக்கு பென்னி சொன்னது உங்க மனசுல அப்படியே கிடந்திருக்கு. இத்தன வருஷம் காத்திருந்து பழி வாங்கிட்டீங்க" என்றாள். அந்த நாள் உனக்கு மறந்திருக்கும், சிரித்தவர்களுக்கு மறந்துவிடும். பந்தியில் உட்கார்ந்து, இந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "அத்தான், இது உங்க கிளாஸ் ரூம் இல்ல, அப்ரூவ்டு பிளாட்டு. பிரியாணி ஆறுது, சாப்பிடுங்க" என்றாய். நாவலூரிலிருந்து வந்திருந்த உன் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் சிரித்தார். உன் அக்காளும் சிரித்தாள். நான் அதை மறக்கவில்லை. மறக்காமலிருப்பது வேறு, பழிவாங்குவது வேறு. பழிவாங்க நினைத்திருந்தால் உன் கிறிஸ்டினா போட்ட காபியை நான் குடித்திருக்க மாட்டேன்.

நேற்று அனுப்பிரியா போன் செய்தாள். "சார், நானும் வச்சுப் பாத்துட்டேன். உங்க படம் கரெக்டா இருக்கு. யார் கேட்டாலும் தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றாள். அவளுக்கென்ன, கல்யாணம் ஆகவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உலை எதுவும் கொதிக்கவில்லை. பன் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன். படுத்துக்கொண்டு யோசித்தேன். என் சர்வீஸ் முழுவதும் ரப்பர் ஸ்டாம்பில் அச்சடித்த இந்தியாவுக்குள் பருத்தி விளையும் இடங்களைக் குறிக்கச் சொல்லி, குறித்ததைத் திருத்தியிருக்கிறேன். வாங்கியவர்கள் வாங்கிய கையோடு மறந்தார்கள். பார்த்தவர்கள் ஒருவர் விடாமல் தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்த்த ஒரே படம் இதுதான். அதைத்தான் தப்பு என்று சொல்ல வேண்டும்.

சொல்கிறேன், பென்னி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருகிறேன். என்ன சொல்வது என்பதையும் யோசித்துவிட்டேன். மின்விசிறிக் காற்றில் டிரேசிங் பேப்பர் நழுவிவிட்டது, நான் வயதானவன், கவனிக்கவில்லை, கால்வாய் உண்மையில் உன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை வழியாகத்தான் போனது. அந்த மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், கோபப்பட ஆளில்லை. எங்கள் மேசைக்கு மேலிருந்த மின்விசிறி ஓடவே இல்லை என்று சாட்சி சொல்லவும் யாரும் வரமாட்டார்கள். மதியத்துக்குமேல் அந்த மேசையில் இருந்தவன் நான் ஒருவன்தான். எழுதியும் தருகிறேன். எத்திராஜ் எந்தப் பேனா கொடுக்கிறாரோ அதிலேயே எழுதுகிறேன்.

கிறிஸ்டினாவுக்கு என் அன்பைச் சொல். குழந்தைக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டாரை ஒரு குறையும் அணுகாமல் பார்த்துக்கொள்வாராக. தபீதாளுக்கு நான் என்ன எழுதினாலும் குற்றமாகும் என்பதால் ஒன்றும் எழுதவில்லை. வேப்பங்கன்று துளிர் விட்டிருக்கிறது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
தப்பான படம் வரைந்த,
ஜீவரத்தினம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்திலிருந்து விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஏரிவரை நடந்தேன். தண்ணீர் கலங்கலைத் தாண்ட இன்னும் ஒரு சாண்கூட இல்லை. தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வரும், ஆகவே உன் கேட்டில் நானே செருகிவிட்டுப் போகிறேன். பெல் அடிக்கவில்லை. மேலே எழுதியதில் டிரேசிங் பேப்பர் நழுவியது என்ற பகுதியை இந்த மழை விடும்வரைக்கும் நம்ப வேண்டாம். தண்ணீர் தெருப்பக்கமிருந்து வராது, முன்வாசலில் மணல் மூட்டை அடுக்காதே. அடுக்கினால் உள்ளே வந்தது வெளியே போக முடியாது. சமையலறைப் பின்கதவு வழியாகத்தான் வரும். சிலிண்டரை மேலே ஏற்று, மெயின் சுவிட்சை அணை. காரைக் காலி மனையில் விடு. அங்கே கால்வாய் ஒருநாளும் இருந்ததில்லை. எத்திராஜிடமும் சொல், மாடிப்படிக்குக் கீழே வைத்திருப்பதை எடுக்கச் சொல். தபீதாள் முட்டிவலியைச் சொல்லிச் சமையலறையை ஒட்டின அறையில்தான் படுப்பாள், எனக்குத் தெரியும். அவளை மாடிக்கு அனுப்பிவிடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே, போகமாட்டாள்.