இராசா கிணறு: ஒரு திருத்தம்

விட்பி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பின்.

வெண்குடா மக்கள் ஒன்றியம் (ரொறன்ரோ) ஆண்டு மலரின் ஆசிரியர், பெருமதிப்புக்குரிய கஸ்பர் அண்ணை அவர்களுக்கு,

பஸ்ரியனின் மூத்த மகன் கிளிபோட் பணிவுடன் எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்காலும், அம்மாவுக்குச் சீனியும், எனக்கு அவர்கள் இருவரும் என்பதைத் தவிர வேறு வருத்தம் இல்லை. உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. போன சனிக்கிழமை கலியாண வீட்டில் நீங்கள் மூன்றாம் தரம் சோற்றுக்கு வரிசையில் நின்றதைக் கண்ணாலே கண்டேன்.

விஷயம் இதுதான். 1997ஆம் ஆண்டு மலரில் முப்பத்தோராம் பக்கத்தில் வந்த ஒரு பிழையைத் திருத்த வேண்டும். உங்கள் மலரின் எழுத்துப்பிழைகளைத் திருத்தத் தொடங்கினால் என் ஆயுள் போதாது என்று எனக்கும் தெரியும். இது வேறு பிழை, இதனால் என் அப்பப்பாவைக் காணவில்லை.

போன தை மாதம் அப்பாவையும் அம்மாவையும் ஊருக்குக் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு எண்பத்தாறு, அம்மாவுக்கு எண்பத்திரண்டு. தினமும் மோல் கடைத்தொகுதிக்குள் எட்டுச் சுற்று நடக்கிற அப்பா, விமான நிலையத்தைக் கண்டதும் சக்கர நாற்காலி கேட்டார். அவரைப் பார்த்து அம்மாவும் கேட்டார். தள்ளிக்கொண்டு போன இரண்டு பேரும் இரண்டு பக்கம் போக, கைப்பையையும் மருந்துப் பையையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நடுவில் ஓட, கடைசியாக விமானத்தில் ஏறியவன் நான்தான். முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு பனிக்காலத்திலும் “எங்கடை ஊர்க் காத்துப் பட்டால் நோய் பறந்திடும்” என்று சொன்ன மனுசன், ஊரில் இறங்கி அரை மணித்தியாலத்தில் “ஏசி இல்லையோ?” என்று கேட்டார். தண்ணீர் உப்பு, கட்டில் தாழ்வு, நாய் குரைக்கிறது, ரோட்டில் கோடு போடவில்லை. “ரொறன்ரோவிலை எண்டால் உப்பிடி விடுவாங்களே!” என்று அவர் வாயால் ரொறன்ரோவைப் புகழ்ந்து கேட்க நான் இவ்வளவு தூரம் பறக்க வேண்டியிருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அப்பா எந்தக் கரையில் நின்றாலும் பச்சை மற்றக் கரையில்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக. அப்பா போக ஆசைப்பட்டது அவருடைய அப்பா சூசைப்பிள்ளை வெட்டிய நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பார்க்க. கண்ணை மூடுவதற்கு முன்னால் அதில் ஒரு வாளி அள்ளி முகம் கழுவ வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் மக்டலீன் ரீச்சர் எங்களைக் கூட்டிப் போனார். ஐம்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான மனுசி. அம்மா மட்டும் வானை விட்டு இறங்கவில்லை. “வெயில்” என்றார். ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளை, உம்மடை அம்மா வேரோனிக்காவோ?” என்று கேட்டார். ரீச்சர் “ஓம் அன்ரி” என்றார். அம்மா “ம்” என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கிணற்றைச் சுற்றி மதில் கட்டி, உங்கள் ஒன்றியத்தின் பெயரைப் பளிங்கில் பதித்து, மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது: ‘இராசா தாகசாத்தி செய்த கிணறு.’ அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இது என்ரை அப்பா வெட்டின கிணறு” என்றார். அதற்கு ரீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“ஐயா, குறை நினைக்கக் கூடாது. கனகாலம் ஊரிலை இல்லாததாலை மறந்திருப்பியள். இது இராசா வெட்டுவிச்ச கிணறு.”

சொல்லிவிட்டு முப்பத்தோராம் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து மனப்பாடமாகச் சொன்னார். தாகசாந்தியை நீங்கள் ‘தாகசாத்தி’ என்று அச்சடித்த பிழையையும் விடவில்லை. வருடா வருடம் நீங்கள் அனுப்பும் ஐம்பது பிரதிகளும் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகமாகிவிட்டனவாம். இராசா குதிரையில் வருவதைப் பரிசளிப்பு விழாவில் நாடகமாகவும் போட்டார்களாம்.

“பிள்ளை, அதை எழுதினதே நான்தான். வெண்குடாவூரான் எண்டது நான்,” என்றார் அப்பா.

“வெண்குடாவூரான் பேராசிரியரெல்லோ? மலரிலை போட்டிருக்கு. நீங்கள் கனடாவிலை என்ன செய்தனீங்கள்?”

“ஹோட்டலிலை கோப்பை கழுவினனான்.”

ரீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருக்கும். பாவம் என்று பார்த்தார். அப்பா முகம் கழுவாமலே வந்து வானில் ஏறி அழுதார். என் அப்பா அழுததை நான் அதுவரை கண்டதில்லை அண்ணை, எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். 1997இல் நாங்கள் பார்க்டேலில் பதினோராம் மாடி, நீங்கள் பத்தாம் மாடி. மலரில் இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்று படியேறி வந்து கேட்டவர் நீங்கள். ‘இந்தக் கிணற்றை வெட்டியவர் என் தகப்பனார் சூசைப்பிள்ளை’ என்று அப்பா எழுதித் தந்தார். “அண்ணை, சூசைப்பிள்ளையை ஆர் வாசிப்பினம்? ஆராவது பெரிய ஆளாய்ப் போடுங்கோ” என்றீர்கள். பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்த எனக்கு நல்ல ஞாபகம். அப்பா ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இராசா வந்துவிட்டார். வேட்டைக்கு வந்த இராசாவுக்குத் தாகம் எடுத்ததாம், வாளால் நிலத்தைத் தட்டினாராம், நன்னீர் கண்டாராம். சுற்றிவரக் கடல் உள்ள ஊருக்குக் குதிரை எப்படி வந்தது, நண்டைத் தவிர வேறொன்றும் ஓடாத ஊரில் எதை வேட்டையாட வந்தார் என்று ரொறன்ரோவில் ஒரு குஞ்சும் கேட்கவில்லை. பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று சேர்த்தது உங்கள் கைவேலை. அன்றைக்கு அப்பாவும் பெருமைப் புளுகத்தில் மறுக்கவில்லை. சொந்தத் தகப்பனைத் தூக்கி எறிந்துவிட்டு முன்பின் தெரியாத இராசாவை வைத்தவர், இன்றைக்கு அழுகிறார்.

திரும்பும்போது ரீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “மலரிலை திருத்தம் வந்தால் பலகையை மாத்துவம். மலரிலை வராததை நான் எப்பிடிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது?” என்றார். ஆகவே அடுத்த மலரில், பெரிய எழுத்தில், கிணற்றை வெட்டியவர் சூசைப்பிள்ளை என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்பா இருக்கும்போதே போடுங்கள். செத்த பிறகு நீங்கள் போடப்போகும் அரைப்பக்க அஞ்சலியைவிட அவருக்கு இது பெரிது.

ஜூலி அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தொலைந்த பொருளைத் தேடித் தருகிற அந்தோனியார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எங்களுக்கு அப்பப்பாவையும் தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ப. கிளிபோட்

பி.கு (திங்கட்கிழமை): உறையில் போடுவதற்கு முன் இதை நேற்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணைத் துடைத்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

“மாமா, உன்ரை அப்பப்பா, எங்கை கிணறு வெட்டினவர்? அவர் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர். வெட்டினது சவிரி. எனக்கு அப்ப எட்டு வயது, நிண்டு பாத்தனான். தண்ணி கண்ட பிறகு அந்தச் சவிரியை அதிலை வாளி போட விட்டவையோ எண்டு உன்ரை அப்பரையே கேள்.”

அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா அதற்கு மேலாகச் சத்தம் வைத்தார்.

“சவிரியின்ரை மகள் வேரோனிக்கா என்ரை வகுப்பு. சாதி குறைவெண்டு அவளைக் கிட்ட விடமாட்டினம். குடத்தோடை வேலிக்கு வெளியிலை நிப்பாள். எங்கடை ஆக்கள் ஆராவது இரங்கி ஊத்தினால்தான் அவளுக்குத் தண்ணி.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் அண்ணை. தன் தாத்தா வெட்டிய கிணற்றடியில் நின்று, நீங்களும் அப்பாவும் பார்க்டேலில் செய்த இராசாவை மக்டலீன் ரீச்சர் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறார். சவிரி என்று திருத்தம் போடச் சொல்லுவோமா என்று அப்பாவைக் கேட்டேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, “சவிரி எண்டு போடுறதெண்டால் இராசாவே இருக்கட்டும்” என்றார்.

ஆகவே மேலே கேட்ட திருத்தத்தைப் போட வேண்டாம். நீங்களும் அப்பா சொன்னதையே சொல்வீர்கள் என்பதால் வேறு திருத்தமும் கேட்கவில்லை. அம்மா உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, நேற்றே ரீச்சருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். மலரில் வந்ததோ என்று ரீச்சர் கேட்கவில்லையாம். இன்று ஒரு படம் அனுப்பியிருக்கிறார். உங்கள் பளிங்கு அப்படியே இருக்கிறது. பலகையை மட்டும் பின்பக்கம் திருப்பி மாட்டி, வெண்கட்டியால் ‘சவிரி வெட்டிய கிணறு’ என்று எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழை இல்லை.