நின்றால் நடுங்கும் கார்

சேசு மரி சூசை துணை

மண்டபம்,
12-8-1957

அன்பு மைத்துனர் செபஸ்தியானுக்கு அத்தான் சிலுவைமுத்து எழுதுவது. நானும் உன் அக்காள் யாகப்பம்மாளும் உப்புக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். திருச்சியில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதா காக்கட்டும்.

விற்றுத் தரச்சொல்லி நீ விட்டுப்போன பழைய கார் ஓடும்போது ராஜா. நின்ற இடத்தில் என்ஜின் சுற்றினால்தான் குளிர்காய்ச்சல் கண்டவன்போல நடுங்கி, இருமி, அணைந்துபோகிறது. அதுவும் எப்போதும் இல்லை. வாங்க வந்த ஹமீது சுல்தான் காது கொடுத்துக் கேட்டபோது தொட்டில் பிள்ளையாகக் கிடந்தது. அவர் ஓட்டிப் பார்க்கப் போய் ரயில்வே கேட்டில் நின்றதும் உதறத் தொடங்கிவிட்டது. "அண்ணே, மொதல்ல இதுக்கு வைத்தியம் பாருங்க, அப்புறம் வாரேன்" என்று நடந்தே திரும்பினார்.

நானே வைத்தியனானேன். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். திரும்பப் பூட்டும்போது வயர்கள் இடம் மாறிவிட, கார் போட்ட வெடியில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு கோயில் வரைக்கும் ஓடியது. கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன்; ஊறப்போட்டது மீன்குழம்புச் சட்டியில் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் உன் அக்காள் என்னைத் திட்டவில்லை. நம்ம மகள் லீமாரோஸ் மதுரையில் கன்னியர் மடத்தில் சேர நான் சரியென்று சொன்ன நாளிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லையே! சாப்பாட்டு வேளையில் பூனையைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பாள். பூனை என்னைப் பார்க்கும். நான் போய் உட்காருவேன்.

நேற்று ஆக்ஸிலேட்டர் மிதியை அழுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. "யாராச்சும் மிதிச்சா நல்லாருக்கும்" என்று நானும் பூனையிடமே சொன்னேன். உன் அக்காள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். என்ஜின் சூடேறி நடுக்கம் கண்டதும், அவளைக் காலை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பொருத்திலும் எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏங்க, இப்ப எங்கன விட்டீக? நடுக்கம் நின்னுருச்சே! அங்கனயே இன்னொரு சொட்டு விடுங்க."

மாப்பிள்ளை, எனக்கு என்ஜினே மறந்துபோயிற்று. கார்புரேட்டர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் பேக்கிங் கிழிந்து, சூடேறும்போதெல்லாம் காற்று புகுந்திருக்கிறது. அதைச் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"அவ அங்கன நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. ஒவ்வொரு கடுதாசியிலயும் உன்னத்தான் கேக்குறா."

அவள் கால் மிதியில் அழுந்திவிட்டது. என்ஜின் போட்ட கூச்சலில், அவள் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புதுப் பேக்கிங் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஹமீது சுல்தான் வருகிறார். நீயும் வந்து காரை உன் கையாலேயே ஒப்படைத்துவிடு. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் சிலுவைமுத்து

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். கார் விற்பனைக்கு இல்லையென்று ஹமீது சுல்தானுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். உன் அக்காள் விடிந்ததும் முறுக்கு டின்னோடு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மடத்துக்குப் போகவேண்டுமாம். ரயிலில் போகலாமே என்றேன். "பாதி வழியில மனசு மாறுனா ரயிலத் திருப்ப முடியுமா?" என்கிறாள். இன்று காலை கார் மறுபடியும் நடுங்கியது. அவளிடம் சொல்லவில்லை. மதுரை வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டப்போகிறேன்.