ஒரே சுவரில் நான்கு டிசம்பர்

சிவகாசியில் யாரையும் நம்பாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், கட்டிங் மாஸ்டர்தான் முதலில் நிற்பார். அந்தப் பட்டியலைப் போட்டவன் யார், எதற்காகப் போட்டான் என்று முதலில் கேட்பவரும் அவராகத்தான் இருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அச்சாபீஸில் காகிதக் கட்டு வெட்டும் மிஷினில் நின்றதால் கட்டிங் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்னால் நான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். சிவகாசியில் ஒரு மாடி ரூமில் மூன்று பேர் தங்கியிருந்தோம். மாஸ்டர், லாரி ஆபீஸில் லோடு ஏற்றும் பாண்டி, அப்புறம் நான். வாடகை, கேஸ், அரிசி, எண்ணெய் எல்லாம் பொதுச் செலவு.

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்போது போடுகிற சண்டையெல்லாம் சண்டையே இல்லை. மாஸ்டர் சோப்பை அச்சாபீஸுக்கே கொண்டுபோய், மிஷினில் வைத்து, மயிரிழை கூடக் குறையாமல் மூன்று துண்டாக வெட்டிக் கொண்டுவருவார். அந்த வாரம் அடித்த காலண்டர் பூராவும் சோப்பு வாசனை வந்ததாகப் பாண்டி சொல்வான்.

எண்ணெய் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார். கோட்டை யாராவது அழித்துக் கீழே இறக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அதன் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார். ஊறுகாய் ஜாடியின் மூடிக்கு நூல் கட்டியிருக்கும்.

"என்ன மாஸ்டர், எங்க மேல சந்தேகப்படுறீகளா?" என்று ஒருநாள் பாண்டி கேட்டான்.

"சந்தேகமெல்லாம் இல்லலே. நீ எடுத்திருக்கேன்னு தெரியும். எம்புட்டு எடுத்தேன்னுதான் பாக்கேன்."

சாப்பாட்டுக் கணக்குதான் அவருடைய பெரிய வேலை. அச்சாபீஸில் கழித்துப் போட்ட மாதத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, யார் எந்த வேளை சாப்பிட்டாலும் அந்தத் தேதிக் கட்டத்தில் டிக் போடுவார். அவருக்கு நீலம், பாண்டிக்குக் கறுப்பு, எனக்குச் சிவப்பு. மாதக் கடைசியில் டிக்கை எண்ணிச் செலவைப் பிரிப்பார். ஊருக்குப் போனவன் சாப்பிடாத சோற்றுக்குக் காசு தர வேண்டாம். பாண்டிக்கு மட்டும் ஒரு வேளைக்கு இரண்டு டிக். அவன் எவ்வளவோ வாதாடிப் பார்த்தான். "ஏலே, சட்டியைக் கேளு, அது சொல்லும்" என்றுவிட்டார்.

அந்தக் கணக்குக்கு ஒரு சட்டம் உண்டு. "கண்ணால பாக்காததை நான் எழுத மாட்டேன். கண்ணால பாத்ததை எழுதாம விட மாட்டேன்."

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைச் சில வாரம் மூடுவார்கள். அது வழக்கம்தான். அந்த வருடம் எங்கள் கம்பெனியில் லைசென்ஸ் சிக்கல் வேறு சேர்ந்துகொண்டது. தை பிறந்தால்தான் திறப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அச்சாபீஸிலோ அதுதான் காலண்டர் சீசன். மாஸ்டர் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அப்போதுதான் உங்கள் அம்மா வீட்டில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் படுத்துக் கிடக்கிறான் என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். எப்படியாவது அந்த ரூமில் தங்கியாக வேண்டும். கையில் இருந்த காசு டிசம்பர் வாடகையோடு தீர்ந்தது. டிசம்பர் சாப்பாட்டுப் பங்கை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. வெளியில் சொல்லவும் வெட்கம்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் நடவடிக்கை மாறியது. சாப்பிடும்போது எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்.

"முட்டையை மறைச்சுத் திங்காரு" என்றான் பாண்டி. ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டு, குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வெறும் ரசச் சோறுதான் இருந்ததாம். அதைக் கேட்ட பிறகு எங்கள் சந்தேகம் இன்னும் கூடியது. ரசச் சோற்றை எதற்கு ஒரு மனுஷன் மறைத்துத் தின்ன வேண்டும்?

பிறகுதான் டிசம்பர் தாளைக் கவனித்தேன். நீலம் சரியாக இருந்தது. கறுப்பு இரட்டை இரட்டையாக இருந்தது. சிவப்பை மட்டும் காணவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கிடந்தன. நானோ ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டிருந்தேன்.

சாத்தூரில் இருக்கும் தன் மச்சினனுக்கு ரூம் வேண்டும் என்று மாஸ்டர் போனில் பேசியதை நான் கேட்டிருந்தேன். இவன் இங்கே தங்குவதே இல்லை, தாளைப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் காட்டி என்னைக் கிளப்பிவிடத் திட்டம் என்று முடிவு கட்டினேன்.

அவர் வேலைக்குப் போனதும் சிவப்புப் பேனாவை எடுத்து விட்டுப்போன டிக்கையெல்லாம் போட்டுவைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் சுவரில் புத்தம்புதிய டிசம்பர். நீலமும் கறுப்பும் ஒன்றுவிடாமல் திரும்ப எழுதப்பட்டிருந்தன. என் சிவப்பு பழையபடி நாலைந்துதான். காலண்டர் அடிக்கிற ஆளிடம் தாளுக்கா பஞ்சம்? நான் விடவில்லை, மறுபடியும் போட்டேன். அவரும் விடவில்லை, மறுபடியும் மாற்றினார். இப்படியே எங்கள் ரூமில் மட்டும் டிசம்பர் நான்கு தடவை பிறந்தது.

நாலாவது தாளைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக எழுந்தேன். மாஸ்டர் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், உங்க மச்சினனுக்கு ரூம் வேணும்னா நேரடியாச் சொல்லுங்க. கள்ளக் கணக்கு எழுதாதீக."

"எவன்லே கள்ளக் கணக்கு எழுதினான்?" திரும்பாமலே கேட்டார்.

"நேத்து நான் சாப்பிட்டேன்ல? டிக் எங்க?"

"நீ சாப்பிட்டதை நான் பாக்கலை."

"பக்கத்துலதான இருந்தீக?"

"சுவரைப் பாத்துல்ல இருந்தேன். பாக்காததை எழுத மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

"இந்தா, இப்பச் சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன். திரும்பிப் பாருங்க."

"திரும்ப மாட்டேன்லே. திரும்பினா எழுதணும்."

பாண்டி வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் என்னைப் பார்த்தான். நான் அந்த முதுகைப் பார்த்தேன். நான் சம்பளமில்லாமல் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பங்கைத் தள்ளுபடி செய்ய அவருக்கு மனசு வரும், பொய் எழுதத்தான் கை வராது. அதனால் ஒரு மாதமாக எண்ணெய் படிந்த சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"உக்காந்து தின்னுலே, சோறு ஆறுது. என் மச்சினனா? அவனை எவன் நம்புவான்?" என்றார்.

தை மாதம் கம்பெனி திறந்தது. முதல் சம்பளத்தில் டிசம்பர் பங்கை நீட்டினேன். "எழுதாத கணக்குக்கு நான் துட்டு வாங்குறதில்லை" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கி, அவர் இல்லாத நேரத்தில் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். வந்து பார்த்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எண்ணெய் கோட்டுக்கு மேல ஏறி நிக்கி. ரூமுக்குள்ள ஏதோ களவாணித்தனம் நடக்குலே" என்றார். ஒரு வாரம் பாண்டியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

இப்போது நம் வீட்டில் கேஸும் கரண்டும் என் பொறுப்பு, அரிசியும் பருப்பும் உங்கள் அம்மா பொறுப்பு என்று பிரித்திருக்கிறோம். அவளுக்குச் சம்பளம் குறைகிற மாதம் நான் அரிசி மூட்டையைப் பார்ப்பதில்லை. எனக்குக் குறைகிற மாதம் கேஸ் புத்தகம் அவள் கண்ணில் படுவதில்லை.

அந்த வருடச் சித்திரையில் எங்கள் கல்யாணம் நடந்தது. மாஸ்டர் வந்திருந்தார். மொய் எழுதியவரின் நோட்டை வாங்கி, தன் பெயருக்கு நேரே தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தார். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நேர் எதிரே உட்கார்ந்தார். தன் இலையில் கையே வைக்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.